மானுக்குத் தெரியாத நிறம்

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மான் வேட்டைக்குப் போகிறானாம். கடையில் நின்றபடி, திண்டிவனத்தில் இருக்கும் என்னை வீடியோவில் கூப்பிட்டு இரண்டு பைனாகுலரைக் காட்டினான். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

"நாளெல்லாம் கழுத்துல மாட்டிக்கினு நடக்கணும், கனமில்லாதத எடுடா" என்றேன்.

கம்பளிச் சட்டைக்கு மேல், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கையில்லாத கோட்டைப் போட்டுக் காட்டினான்.

"மான் ஓடிடாதா?"

"மானுக்கு இந்தக் கலர் தெரியாதுக்கா. மத்த வேட்டைக்காரங்களுக்குத் தெரியணும். இல்லன்னா என்னைச் சுட்டுடுவாங்க."

"சரி, எடுத்துக்கோ."

விழுப்புரம் பைபாஸில், அந்தி நேரத்தில் என் கணவரை இடித்துக் கொன்ற லாரிக்காரர், "ஆள் இருந்ததே தெரியலைங்க" என்றார். அழுக்குத் தெரியாது என்று அன்று அவர் போட்டிருந்த கருநீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.