அப்பாவுக்குத் தெரியாத கார்

நேற்று மாலை டிவியில் ஒரு பழைய ஆங்கிலப் படம். பக்கவாட்டில் மரப்பலகை ஒட்டிய நீளமான அமெரிக்கக் கார் ஒன்று வந்தது. சேனலை மாற்றலாமா என்று நான் தயங்குவதற்குள் என் மகள் கேட்டுவிட்டாள்: "தாத்தா, இது என்ன கார்?"

தொண்ணூறுகளின் கடைசியில், திருவொற்றியூரில் எங்களிடம் அப்படியொரு கார் இருந்தது. காயலான் கடைக்குப் போகவிருந்ததை அப்பா வாங்கிச் சரிசெய்திருந்தார். தெருவே அதைக் கப்பல் என்றது. வெயிலில் அதன் ரெக்சின் சீட்டில் பெட்ரோலும் கருவாடும் சேர்ந்து மணக்கும். தள்ளாமல் கிளம்பாது. டிவியில் பின்விளக்கு தெரிந்தாலே போதும், எந்தக் கார், எந்த வருஷம் என்று அப்பா சொல்லிவிடுவார்.

"தோ பாரு, நம்ம கப்பலோட அண்ணன். மேட்டுல நின்னுடும்!"

"அதையும் நாங்கதான் வந்து தள்ளணுமா?" என்பாள் அம்மா.

அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்த மத்தியானம், கப்பல் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. ரோட்டில் போனவர்கள் எல்லாரும் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாத்துடி, உழுந்துடப் போற" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா திரும்பவில்லை. பிறந்த தம்பியும் திரும்பவில்லை.

நேற்று அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கார் ஒரு மேட்டில் ஏறி, எங்கும் நிற்காமல் போய் மறைந்தது.

"இன்னா காருன்னு தெரிலம்மா கண்ணு" என்றார்.