மகளைப் பார்க்கப் போன காலை

புதுவயல் அரிசி மில்லில் நெல் அவிக்கும் வேலை சேவுகனுக்கு. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, அறுபத்தேழு வைகாசியில், அவன் மனைவி முத்தழகுக்குப் பெண் பிறந்தது. ஒன்பதாம் நாள் குழந்தை காய்ச்சல் கண்டு இறந்துபோனது. சேவுகனும் அவன் அண்ணன் கோட்டைச்சாமியும் தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை.

மூன்றாம் நாளே சேவுகன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். "மனுசனா, கல்லா?" என்று கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த முத்தழகு, அதன்பின் அவனோடு பேசவில்லை.

குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டி அவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பிரசவம் பார்த்த கருப்பம்மாள் வந்து தொட்டுப் பார்த்தாள். "மல்லிகைப்பூ வச்சுக் கட்டுனா பால் வத்தும்ப்பா. நெறைய வாங்கியா."

சேவுகன் சைக்கிளில் காரைக்குடிக்குப் போனான். அங்கே செக்காலைத் தெருப் பூக்காரி அளந்து போட்டபடியே சிரித்தாள். "வீட்டுல உள்ளவுகளுக்கா? இம்புட்டுப் பூ வாங்குறீக, குடுத்து வச்சவுகதான்." அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. துணியில் பூவைப் பரப்பி அவள் மார்பில் அவனே கட்டிவிட்டான். பால் கசிந்து கை நனைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதான்.

முத்தழகு எழுந்து உட்கார்ந்தாள். "இத்தன நாளும் ஏன் எங்கிட்ட அழுகல?"

"நானும் அழுதா நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன். மில்லு ஆவிக்குள்ள நின்னு அழுதா ஒருத்தருக்கும் தெரியாது."

அவன் தலைமேல் கை வைத்தாள். "புள்ளைய எங்குட்டு வச்சீக? நான் பாக்கணும்."

விடிந்ததும் சைக்கிளை எடுத்தான். "பச்ச ஒடம்புக்காரிய அங்குட்டுக் கூட்டிப் போறியாடா?" என்று கோட்டைச்சாமி மறித்தான்.

"பெத்தவ பாக்காம வேற யாருண்ணே பாக்குறது?"

கண்மாய்க் கரையில் கருவேல மரத்தடியில் சின்ன மண்மேடு.

"தல எந்தப் பக்கம்?"

காட்டினான்.

"வெறும் மண்ணுலயா வச்சீக?"

"இல்ல. கல்யாண வேட்டியில சுத்தி வச்சேன்."

பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் அவள் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

அதோடு துக்கம் தீர்ந்துவிடவில்லை. ஆடி முழுக்க அவள் பாதி நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மில்லிலிருந்து வந்து அவன் கஞ்சி காய்ச்சினான். ஊரில் யார் வீட்டுத் தொட்டில் விசேஷத்துக்கும் அவன் போகமாட்டான். அவளும் வற்புறுத்தமாட்டாள்.

எழுபதில் மறுபடி உண்டானாள். ஆஸ்பத்திரி நர்ஸ், "தலைப்பிரசவமா?" என்று கேட்டார். கூட வந்திருந்த முத்தழகின் மாமியார் ஆமாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சேவுகன் முந்திக்கொண்டான். "இல்லம்மா, ரெண்டாவது. மூத்தது பொண்ணு. தவறிப்போச்சு."

முத்தழகு அத்தனை பேர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐப்பசியில் மருது பிறந்தான். வீட்டுக் கூரை அதிர அழுகிற பிள்ளை. அவன் வீறிடும்போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.