ஆளுக்கு ஒரு தட்டு

அந்த நாற்பது நிமிடம் கரடியின் தொண்டையில் பன்னிரண்டு வருடமாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கரடி என்பது லிஃப்ட் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். உடம்பு முழுக்க முடி, வாயைத் திறந்தால் உறுமல். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நடந்தது இதுதான். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். உச்சியில், மெஷின் ரூமில், அவனுடைய வேலை ஜோடி. காலை பத்து நாற்பதுக்குக் காவலாளி கதவு இடுக்கில் வாயை வைத்துக் கத்தினார்.

"உங்க அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம்! அக்கா போன் பண்ணிச்சு, ஒடனே வரச் சொல்லுது!"

கரடியின் தலைக்கு மேலே லிஃப்ட் கூண்டு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அது ஒரு மாடி ஏறினால்தான் அவன் வெளியே வர முடியும். ஏற்றச் சொல்லி, கூண்டு ஓடும் தண்டவாளத்தில் தட்டினான். கத்தினான். கெட்ட வார்த்தையில் கத்தினான். காவலாளி பாவம், ஒன்பது மாடி ஏறிப் போய் நேரிலேயே சொன்னாராம். மேலே இருந்தவர் பேசாமல் கையை ஆட்டி அனுப்பிவிட்டாராம். கூண்டு ஏறியபோது மணி பதினொன்று இருபது.

"மெயின் சுவிட்ச் விழுந்துடுச்சு" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். பதிவேட்டிலும் அப்படியே எழுதினார்: 11.20, கரண்ட் வந்தது.

பச்சைப் பொய். பக்கத்தில் ஓடும் இன்னொரு லிஃப்டும் அதே மெயினில்தான் இருந்தது. அது சாவகாசமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை, சுவருக்கு இந்தப் பக்கம் குழியில் நின்றபடி கரடி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அக்கா ஒரு சீட்டை நீட்டினாள். உயிர் போன நேரம் என்று நர்ஸ் அதில் எழுதியிருந்ததும் பதினொன்று இருபது.

மறுநாளே ஜோடியை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த மனிதரோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான்.

அவருக்குச் சாமியார் என்று பெயர். சாமியே கிடையாது என்று சொல்பவருக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தாது என்று கம்பெனி வெல்டர் வைத்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து, காது மட்டும் பெரிசு. அந்தக் காதால் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே, எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாரம் தவறாமல் மனைவியைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கும்பிடுகிற இடத்துக்குக் கூட்டிப் போவார். வெளியே நின்று பேப்பர் படிப்பார். உள்ளே வந்தால் என்ன என்று யாராவது கேட்டால், "வண்டியை யாரு பாத்துக்கிறது? உங்க சாமியா?" என்பார்.

சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அவர்கள் இருவரும் ஜோடியாக இருந்த காலத்தில் ஒருநாள் வந்தது கரடிக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"நமக்கு மேல ஒருத்தன் இருக்கான்னு நெனச்சாதாம்ப்பா எனக்குத் தூக்கமே வருது" என்றார் வெல்டர்.

"ஒனக்கு மேல மாடி வீட்டுக்காரன் இருக்கான். அவன் குழாயை மூடாமப் போனா ஒன் தூக்கம் போயிடுது" என்றார் சாமியார்.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே" என்றார் ஸ்டோர்காரர். "நான் நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. ஆனா பொண்ணுக்குக் காய்ச்சல்னா கை தானா கும்பிடுது. கையை என்ன பண்றது?"

"பாக்கெட்டுக்குள்ள விடு."

எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் கரடியின் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குடா தெனமும் காலைல டூல்ஸ் பையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறே?"

"ஆள் வந்துட்டேன்னு சொல்றேன் அண்ணே. ஆஜர் கொடுக்கிற மாதிரி. அவரு கணக்குல நம்ம பேரு விட்டுப் போயிடக் கூடாதில்ல?"

"நான் சேந்த புதுசுல எனக்கு ஒரு ஜோடி இருந்தான். ஒன்னை மாதிரிதான், பக்தி" என்றார் சாமியார். குரலில் இப்போது கிண்டல் இல்லை. "கூண்டு கூரை மேல நின்னுக்கிட்டிருந்தோம். ஆறாவது மாடி. எங்கேயோ மணிச் சத்தம் கேட்டுச்சு. கண்ணை மூடி ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டான். பிடிச்சிருந்த கம்பியை விட்டுட்டான். அந்த நேரம் பாத்து கூண்டு ஒரு ஆட்டு ஆட்டுச்சு."

வெல்டர் டப்பாவை மூடினார். அதற்கு மேல் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"அப்போ நீங்க எதைத்தாண்ணே நம்புவீங்க?" என்று கேட்டான் கரடி.

"இரும்பை. அது பொய் சொல்லாது."

அதை அவர் பேச்சுக்குச் சொல்லவில்லை. வேலையும் அப்படித்தான் பார்த்தார். லிஃப்ட் ஓடும் கிணற்றுக்குள் குரலை நம்பக் கூடாது. ஒருவன் பேசினால் நாலு பேர் பேசுகிற மாதிரி எதிரொலிக்கும். செல்போன் எடுக்காது. அதனால் சாமியார் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வடம் இறங்கும் ஓட்டை வழியாக ஒரு நீளக் கம்பியை விட்டுத் தண்டவாளத்தில் ஒரு தட்டு தட்டுவார். உடனே கம்பியின் மறுமுனையை டாக்டர் மாதிரி காதில் வைத்துக்கொள்வார். கீழே இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு பதில் தட்ட வேண்டும். எத்தனை தட்டோ அத்தனை ஆள். கணக்கு சரியாக வந்தால்தான் சுவிட்சில் கை வைப்பார். கூண்டு மேலே ஏறினால், மறுபக்கம் ஒரு டன் எதிர்எடை குழிக்குள் இறங்கும். அந்தப் பக்கம் ஆள் நின்றால் அள்ளி எடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

போன மாதம் ஒருநாள் மத்தியானம், சாமியாரின் மனைவி கரடிக்குப் போன் செய்தார்.

"தம்பி, அவரு ஒங்களை மட்டும்தான் கேக்குறாரு. ஆஸ்பத்திரியில இருக்காரு, டாக்டருங்க நாள் சொல்லிட்டாங்க. வருவீங்களா?"

போகக் கூடாது என்றுதான் நினைத்தான். அப்புறம், போய் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. மனுஷன் பதில் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டால், மிச்ச காலம் முழுக்க அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி. லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினான். வார்டு வாசலில் சாமியாரின் மனைவி நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது.

"வாங்க தம்பி. மூணு நாளா கட்டில் கம்பியைத் தட்டிக்கிட்டே இருக்காரு. தன்னைத்தான் கூப்பிடுறார்னு நெனச்சு அந்த நர்ஸ் பொண்ணு ஓடி ஓடி வருது. 'ஒன்னை இல்லம்மா'ங்கிறாரு. தட்டிட்டு, கம்பியில காதை வச்சு எதையோ கேக்குறாரு."

உள்ளே வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரை வந்திருந்தது. கட்டிலில் காது மட்டும்தான் பழைய சாமியார். மற்றதெல்லாம் வற்றிவிட்டது.

"வந்துட்டியா கரடி. ஒக்காரு."

"ஒக்கார வரலண்ணே. ஒண்ணு கேக்கணும்."

"தெரியும். மெயின் விழல."

பன்னிரண்டு வருடமாகக் கூர் தீட்டி வைத்திருந்த கேள்வி, கேட்காமலே கையை விட்டுப் போனது. கரடி உட்கார்ந்தான்.

"அன்னைக்குக் காவலாளி மேல வர்றதுக்கு முன்னாடியே நான் சுவிட்சுக்குப் போயிட்டேன். ஒன் சத்தம் கேட்டுச்சு. ஏத்தலாம்னு தட்டினேன். நீ தட்டினே. ஒன் தட்டு எனக்குத் தெரியும், மொரட்டுத் தட்டு. அது முடிஞ்சு ஒரு மூச்சு விடுற நேரம். அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு."

"எதிரொலியா இருக்கும்."

"இரும்பைப் பத்தி எனக்கே சொல்றியா? எதிரொலின்னா அதே தட்டு கொஞ்சம் மங்கலா வரும். இது வேற. ஸ்பேனரால தட்டினதில்ல. வெரலை மடக்கிக் கதவுல தட்டுவாங்களே, அப்படி. மெதுவா, மரியாதையா."

கரடி கட்டிலுக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

"மறுபடி தட்டினேன். மறுபடியும் ரெண்டு. காவலாளியா இருக்குமோன்னு பாத்தா, அந்த ஆளு என் எதுக்கயே நிக்கிறான். கீழ ஓடி வந்து கதவு இடுக்குல டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

"அது நீங்களா?" அந்த வெளிச்சம் கரடிக்கு நினைவிருந்தது. காவலாளி வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்து அதைப் பார்த்துக் காறித் துப்பியிருந்தான்.

"நீ துப்பினது என் மூஞ்சியிலதான் பட்டுச்சு. ஒன்னைத் தவிர உள்ள யாரும் இல்ல. மேல ஓடினேன். தட்டினேன். ரெண்டு. கண்ணு ஒண்ணுங்குது, இரும்பு ரெண்டுங்குது. நான் எதைடா நம்பறது? எதிர்எடை எறங்குற பக்கம் அந்த ரெண்டாவது ஆளு நின்னா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே. எங்கம்மா..."

"என்னன்னு சொல்றது? ஒன் பக்கத்துல யாரோ நிக்கிறாங்கடான்னா? நீ பதறி நகந்திருப்பே. அப்புறம் கேன்டீன்ல நான் எந்த மூஞ்சியோட ஒக்காந்திருப்பேன்?" சாமியார் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. "தட்டிக்கிட்டே இருந்தேன். பதினொண்ணு இருபதுக்கு ஒரே ஒரு தட்டு வந்துச்சு. ஒன்னோடது மட்டும். ரெண்டாவது ஆளு போயாச்சு. ஒடனே ஏத்திட்டேன்."

அக்கா நீட்டிய சீட்டில் இருந்த நேரத்தைக் கரடி யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் நிச்சயமாகச் சொன்னதில்லை. வெயில் முதுகில் விழுந்துகொண்டிருந்தது, ஆனாலும் கையில் முடியெல்லாம் நட்டுக்கொண்டது.

"அண்ணே, கீழேருந்து நான் தட்டினதும், கேட்டுச்சுன்னு நீங்க பதிலுக்கு ஒண்ணு தட்டுவீங்கல்ல?"

"நான் எதுக்குத் தட்டணும்? கேக்குறது நானு, சொல்றது நீ. அதுதான நம்ம மொறை?"

கரடி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அன்று ஒவ்வொரு முறை தட்டிய பிறகும் அவனுடைய உள்ளங்கைக்குக் கீழே தண்டவாளம் இன்னொரு தரம் அதிர்ந்தது. மேலே இருந்து சாமியார்தான் பதில் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கோபமாகத் தட்டினான். இப்போது யோசித்தால், அந்த அதிர்வு மேலே இருந்து இறங்கி வரவில்லை. அவன் முட்டிக்குப் பக்கத்திலிருந்து, அவன் காலடியில் யாரோ குந்தி உட்கார்ந்து தட்டினால் எப்படி வருமோ, அப்படி வந்தது.

அம்மாவா? பையைத் தொட்டுத் தினமும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அவனுக்கு அதை நம்பத் தைரியம் வரவில்லை. எதையும் நம்பாத மனிதர், கட்டிலில் கிடந்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"பன்னெண்டு வருசமா யோசிக்கிறேன். இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லேன்னும் சொல்ல முடியல. இந்தக் கட்டிலும் இரும்புதானே. தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கேன். இதுவரைக்கும் என்னோடது ஒண்ணுதான்." விரலை மடக்கிக் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இருவரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

"நான் தப்பு பண்ணிட்டேனாடா?" என்று கேட்டார் சாமியார். "ஒன்னை ஒங்கம்மாகிட்ட விடாம?"

தொண்டையில் நின்றதைத் தேடிப் பார்த்தான் கரடி. அது அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் பயம் ஒன்று சில்லென்று உட்கார்ந்திருந்தது.

"ஆள் கணக்கு சரியா வராம யாரு சுவிட்சைப் போடுவா? நானா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன் அண்ணே."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கரடி எழுந்தான். அவர் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"எனக்கு ஒரு வேலை பண்ணணும்டா. நான் போன மறுநாள் அந்தக் கட்டடத்துக்குப் போ. அதே லிஃப்ட். குழிக்குள்ள நீயே எறங்கி டார்ச் அடிச்சுப் பாரு, யாரும் இல்லேன்னு உறுதி பண்ணிக்க. அப்புறம் மேல போய் ஒரே ஒரு தட்டு தட்டு. காதை வை. ஒண்ணும் வரலேன்னா, கேன்டீன்ல எல்லாரு முன்னாடியும் சொல்லு, சாமியார் கடைசி வரைக்கும் சொன்னதுதான் சரின்னு."

"வந்தா?"

சாமியார் கண்ணைத் திறந்தார். பிடி தளரவில்லை.

"வந்தா அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டுடாதேடா. கீழ ஆள் இருக்கு."