கோரைக்குள் உட்கார்ந்தவள்

என் அக்கா பசீலியாவை நல்லவள் என்கிறவர்கள் அவளோடு ஒரு வீட்டில் குடியிருந்து பார்த்ததில்லை. சின்சைக்கோச்சா ஏரிக்கரையில் எங்கள் இருவருக்கும் ஒரே ஆட்டுப்பட்டி. அவளுக்கோ ஆட்டைவிட முக்குளிப்பான்தான் பெரிது. பறக்கத் தெரியாத பறவை அது. இந்த ஏரியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். என் ஆடு மட்டும் எங்கே போகும்?

ஒரு காலத்தில் அவளும் அதன் முட்டையை அவித்துத் தின்றவள்தான். புருஷன் செத்தபின் தனியாகக் கோரை அறுக்கப் போனவள், அது குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதைப் பார்த்தாளாம். அதோடு முட்டையை விட்டுவிட்டாள். நாங்களும்தான் பிள்ளைகளைத் துணியில் கட்டி முதுகில் சுமந்தோம், எங்களை யார் பார்த்தார்கள்?

கோடை முடிகையில் ஏரிக்கோரைக்குத் தீ வைப்போம். குருத்து துளிர்க்கும், ஆடு பிழைக்கும். பறவை முட்டையிடுவதற்குள் எரித்துவிடுவது வழக்கம். அந்த வருஷம் மழை பொய்த்துத் துளிரெல்லாம் கருகிப்போயிற்று. எரிக்காமல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கோரைக்காடு. அதற்குள் பறவைகள் முட்டை வைத்துவிட்டன. ஊர்த்தலைவர் டெமெத்ரியோ பந்தத்தோடு வந்தபோது, அக்கா படகைக் கோரை நடுவில் நிறுத்தி உட்கார்ந்திருந்தாள்.

“பசீலியா, வெளிய வா. வெளையாட இதா நேரம்?”

“நான் எங்க வெளையாடுறேன்? சும்மாதான உக்காந்திருக்கேன். கொளுத்தணும்னா கொளுத்துங்க தலைவரே.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நம்ம ஆடு சாகுதுக்கா. ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“என் பங்கு ஆட்ட வித்துத் தீவனம் வாங்கிக்க.”

“அந்தப் பறவையையே கட்டிக்கிட்டு அழு. நீ செத்தா நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்.”

“பாக்காத. ஒன்ன யாரு கூப்பிட்டா?”

மனுஷி உட்கார்ந்திருக்கும் கோரையில் தீ வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. குஞ்சு பொரித்தது. அக்காவை ஊர் தள்ளிவைத்தது, மேய்ச்சல் உரிமையும் போயிற்று. அவள் பங்கை விற்றுத்தான் என் ஆடுகளைக் காப்பாற்றினேன். அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்றும் கோடை முடியும்போது படகில் போய்க் கோரைக்குள் உட்கார்ந்துவிடுகிறாள். ஈரத்திலேயே கிடந்து நெஞ்சு கெட்டுவிட்டது. நேற்று அவள் துப்பியதில் ரத்தம் இருந்தது. காலையில் டெமெத்ரியோ வழிமறித்தான்.

“ஒங்கக்காவுக்கு இருமல் எப்படியிருக்கு?”

அவன் எதற்குக் கேட்கிறான் என்று தெரியாதா எனக்கு? அவள் போய்விட்டால் கோரையைக் கொளுத்தத் தடையில்லை.

“நல்லாத்தான் இருக்கா,” என்றேன். “ஒங்களக் கொண்டுபோய்ப் பொதச்சிட்டுத்தான் அவ போவா.”