பதினோரு வருஷச் சொட்டு

என் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்பவர். ஊருக்கெல்லாம் கைராசிக்காரர், எனக்குத் தீராத தலைவலி.

எந்த வேலையைப் பாதியில் விட்டாலும், அதை முடிக்க இன்னொரு பிறவி எடுத்து வர வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. மறுபடியும் பிறந்து, பல் முளைத்து, பள்ளிக்கூடம் போய், கணக்கில் ஃபெயிலாகி, திரும்பவும் குழாய் தூக்கத் தன்னால் ஆகாதாம். அதனால் வாஷர் மாற்றப் போன வீட்டில் இருக்கிற நட்டையெல்லாம் இறுக்கிவிட்டுத்தான் வருவார். ஒருநாள் சாப்பாட்டின் நடுவில், பல் டாக்டர் வீட்டில் ஒரு நட்டை அரைச்சுற்று குறைவாக முடுக்கிய ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து ஓடினார். கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குடும்பத்தை மறித்து, பூட்டிய வீட்டைத் திறக்க வைத்தார் மகானுபாவர்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் குளியலறைக் குழாய் பதினோரு வருஷமாகச் சொட்டுகிறது. கேட்டால், "பாக்கலாம்." நாலு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

போன வாரம் ஈரம் கீழே இறங்கிவிட்டது. கீழே இருப்பது வீட்டுக்காரர், அதாவது ஓனர். மத்தியானத் தூக்கத்தில் அவர் நெற்றியிலேயே ஒரு சொட்டு. விடுவிடுவென்று மேலே வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொட்டு நிற்காவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. இப்படி ஒரு வீட்டுக்கு எங்கே போவேன்?

சனிக்கிழமை காலை, மானத்தை விட்டு இன்னொரு குழாய்க்காரரை வரவழைத்தேன். இவர் இடுப்புத் துண்டோடு குளியலறை வாசலை மறித்து நின்றுகொண்டார். வந்த மனுஷன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டீ கொடுத்து அனுப்பிவிட்டு, அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் குழாயில் என்று இவரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "எல்லா வேலையும் முடிஞ்சிட்டா நான் எதுக்குத் திரும்பி வரப்போறேன்? இது ஒண்ணு பாக்கி இருந்தா இந்த வீட்டுக்குத்தானே வந்தாகணும். நீயும் இங்கதானே இருப்ப."

இரண்டாம் தடவை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்ற மனுஷன்! கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இதைச் சொல்லப் பதினோரு வருஷமா?

"அப்போ அடுத்த ஜென்மத்துலயும் நான் வாளி வெச்சுக்கிட்டு உக்காரணுமா?" என்றேன்.

சிரித்துவிட்டார். ஐந்தே நிமிஷத்தில் குழாயைச் சரிசெய்தார். ஓனரும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் அன்றிலிருந்து இவர் முகமே சரியில்லை. அடிக்கடி குளியலறைக்குள் போய் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று அவர் பையிலிருந்த ஸ்குரூடிரைவரை எடுத்து, சமையலறை அலமாரிக் கதவில் ஒரு ஸ்குரூவைக் கழற்றினேன். சாயங்காலம் வந்தவர், கதவு தொங்குவதைப் பார்த்துவிட்டுத் தரையெல்லாம் தேடினார்.

"அவசரமில்ல, மெதுவா பாத்துக்கலாம்," என்றேன்.

ஸ்குரூ என் தையல் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.