இருட்டுக் கூடத்தில் நிற்பவள்

காலையில் வேலைக்கு வந்ததும் இருட்டக்கா முதலில் செய்வது, ராத்திரியை ஆரம்பித்துவைப்பது. சுவரில் உள்ள பெரிய சுவிட்சைக் கீழே இறக்கினால் வெள்ளை விளக்குகள் அணைந்து மங்கலான சிவப்பு விளக்குகள் எரியும். மிருகக்காட்சிசாலையின் இருட்டுக் கூடத்தில் அப்போதுதான் பொழுது சாய்கிறது. வௌவால்கள் இறக்கையை உதறும், முள்ளம்பன்றி எழுந்து தட்டை முகரும். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சுவிட்சை மேலே ஏற்றுவாள். மிருகங்களுக்கு விடிந்துவிடும், தூங்கப் போய்விடும். ராத்திரியில் நடமாடுகிற பிராணிகளைப் பகலில் காட்டுவதற்கு இதைத் தவிர வேறு வழியில்லை.

"ஊருக்கெல்லாம் ஒரு சூரியன், உனக்கு மட்டும் ஒரு சுவிட்சு" என்பார் வாசலில் டிக்கெட் கிழிப்பவர்.

இங்கே வருவதற்கு முன்னால் அவள் சினிமா தியேட்டர் ஒன்றில் டார்ச் அடித்து இருக்கை காட்டிக்கொண்டிருந்தாள். அதை இடித்துத் துணிக்கடை கட்டினார்கள். இங்கே நேர்காணலில், "இருட்டுன்னா பயமா?" என்று கேட்டார்கள். "வெளிச்சத்துலதான் சார் கொஞ்சம் கூச்சம்" என்றாள். வேலையும் கிடைத்தது, பேரும் ஒட்டிக்கொண்டது.

கூடத்தின் கடைசிக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது தேவாங்கு. யாராவது பேந்தப் பேந்த விழித்தால் தேவாங்கு என்று திட்டுவது எல்லாருக்கும் வழக்கம். திட்டுகிறவர்களில் பலர் தேவாங்கைப் பார்த்ததில்லை. பார்க்க வந்தவர்களும் பார்க்காமலேதான் போனார்கள். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, அதில் பாதிக்குக் கண். இலைக்குப் பின்னால் கிளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நகர்ந்தால் கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி நகரும். பயந்தால் ஓடாது, இருந்த இடத்திலேயே உறைந்துபோகும். யாராவது கண்ணாடியைத் தட்டிவிட்டால் அன்று முழுக்கச் சாப்பாட்டைத் தொடாது. வயதான பெண் என்பதால் இருட்டக்கா அதைக் கிழவி என்று கூப்பிடுவாள். கிழவியை மிரளவிடாமல் தட்டு வைப்பதற்காகவே மெதுவாக நடக்கவும், மெதுவாகக் கை நீட்டவும், இமைக்காமல் இருக்கவும் பழகியிருந்தாள்.

கிழவிக்கு ஒரு ஜோடி இருந்தது. போன வருஷம் அதை வேறொரு பூங்காவுக்கு அனுப்பினார்கள். லாரியில் இருட்டக்காவும் கூடப் போனாள். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தபோது அது உள்ளே வைத்த குச்சியைப் பிடித்தபடி, கண்ணைத் திறந்தபடி செத்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் குச்சியை எடுக்க வேண்டியிருந்தது. பிரித்தது அவள்தான்.

இந்த வருஷம் புதிதாக வந்த கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. ஊழியர்களை உட்காரவைத்துப் பேசுகிற ஆள்.

"காட்சிசாலைன்னு பேர் வச்சுக்கிட்டு, கண்ணுக்கே தெரியாத மிருகத்தை எதுக்கு வச்சிருக்கணும்? பத்து வகையை அரைகுறையா வைக்கிறதுக்கு அஞ்சை நல்லா வைக்கலாம். எது இருக்கணும்னு நாம முடிவு பண்ண வேண்டாம். வர்ற ஜனம் பண்ணட்டும். அந்தக் கடைசிக் கூண்டுல விளக்கைப் போட்டு நீர்நாய் விட்டா குட்டிக்கரணம் அடிக்கும், பிள்ளைங்க நகராது."

"புலி கூடத்தான் சார் சுவத்துக்கும் சுவத்துக்கும் நடந்துக்கிட்டே இருக்கு, ஜனம் நின்னு பார்க்குது" என்றாள் இருட்டக்கா. "கிழவிக்கு ஒரு கொம்பும் கொஞ்சம் இருட்டும் போதும். நாம குடுக்கற இடத்துல எது நிம்மதியா இருக்குமோ, அதைத்தானே சார் வைக்கணும்?"

"நிம்மதியை எப்படிக்கா அளக்கறது? ஜனம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னா அளக்கலாம்."

ஒவ்வொரு கூண்டுக்கும் பக்கத்தில் ஒரு கேமரா வந்தது. எந்த மிருகத்தின் முன் எத்தனை பேர் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அது கணக்கெடுக்கும். ஊழியர்கள் போடும் கோட்டில் மின்னும் பட்டை தைத்திருந்தது. அந்தப் பட்டையைக் கண்டால் கேமரா அந்த ஆளைக் கணக்கில் சேர்க்காது. மாசக் கடைசியில் ஆள் நிற்காத கூண்டுகள் காலி செய்யப்படும்.

கிழவியும் லாரியில் ஏற வேண்டியிருக்கும். அந்தக் குச்சி இருட்டக்காவின் கண்ணுக்குள்ளேயே நின்றது.

தியேட்டரில் அவள் கற்ற பாடம் ஒன்று உண்டு. படம் முடியுமுன் ஒருவன் எழுந்து நின்றால் வரிசையே எழுந்து நிற்கும்; ஏன் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை தட்டுகளை வைத்து முடித்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கறுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பார்வையாளர் பக்கமாகச் சுற்றிவந்து, கடைசிக் கண்ணாடியின் முன்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். கிழவி மிரளாதபடி, அசையாமல்.

முதலில் ஒரு ஜோடி நின்றது. "என்ன இருக்கு அங்கே?" "தெரியலை, இரு." பிறகு ஒரு குடும்பம். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். கூட்டம் கூட்டத்தை இழுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் கண்ணாடியில் முகங்கள் தெரிந்தன. எல்லாப் பார்வையும் இலைகளை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருப்பதுபோல் இருந்தது. வெளிச்சம் அப்படி, என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்கள் இருக்கும்போது வெளியே வராத கிழவி, அன்று முன்கிளைக்கு வந்தது. அதுவும் அவளைத்தான் பார்த்தது.

தினமும் நின்றாள். ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் அவள் வீட்டுக்காரர் முன்னறை விளக்கைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அடி உன்னை! உயிரே போயிடுச்சு. எவ்வளவு நேரமா இப்படி இருட்டுல உக்காந்திருக்க?"

"இப்பதானே வந்தேன்."

"இப்பவா? நான் வந்து, குளிச்சு, டீ போட்டு, உன்னைத் தேடி மொட்டைமாடி வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். இந்தா, குடி."

கோப்பையை வாங்கக் கை நீட்டினாள். கை போய்க்கொண்டே இருந்தது. டீ ஆடை கட்டும்வரை அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாசக் கடைசியில் கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஜெயிச்சிட்டீங்கக்கா. புலிக்கு அடுத்து உங்க கிழவிதான். ஆனா ஒரு விஷயம், இதைப் பாருங்க."

திரையில் கடைசிக் கண்ணாடி. சால்வை போர்த்திய ஓர் உருவம். அதைச் சுற்றி அரைவட்டமாகக் கூட்டம். ஒருவரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எல்லாரும் பக்கவாட்டிலும் பின்னாலும் நின்று அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினான். அது இமைக்கவில்லை. ஒரு பெண் அதன் தோளைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்தாள்.

அந்தக் கை இருட்டக்காவுக்கு ஞாபகமே இல்லை. அந்த விரலும்.

"யாருன்னு தெரியலை, தினம் வராங்க. முதல்ல பொம்மைன்னு நினைச்சேன்" என்றார் கண்காணிப்பாளர். "எப்படியோ, ஜனம் நிக்குது. கிழவி இருக்கட்டும். இந்தக் கூட்டம் குறைஞ்சா மறுபடி பேசுவோம்."

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் லாரி வரும். "சரி சார்" என்றாள். சொல்லி முடிக்க நேரமானது.

மறுநாளும் ராத்திரியை இறக்கிவைத்துவிட்டு கோட்டைக் கழற்றினாள். இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் நெருங்கியது, மூச்சுக்காற்று கழுத்தில் பட்டது.

"அம்மா, இது உயிரோட இருக்கா?"

"கிட்டப் போகாதடா. பயந்துக்கும்."

ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. கால் எழும்பவில்லை. பயந்தால் ஓட வேண்டும் என்பதே உடம்புக்கு மறந்துபோயிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கிழவி முன்கிளையிலிருந்து நிதானமாக இறங்கியது. பழத்துண்டை இரண்டு கையாலும் எடுத்து, யாரும் பார்க்காத இடத்தில் சாப்பிடுகிறவர்களைப்போல, ருசித்துத் தின்ன ஆரம்பித்தது.

அன்று பூங்காவை மூடும் நேரத்தில் டிக்கெட் கிழிப்பவர் கூடத்துக்குள் வந்து குரல் கொடுத்தார். "இருட்டக்கா, மிருகத்துக்கெல்லாம் விடிய வேண்டாமா? சுவிட்சைப் போடலையா?" பதில் வராததால் கடைசிக் கண்ணாடி வரைக்கும் நடந்தார். சால்வைக்குள் இருந்த முகத்தை அடையாளம் தெரிந்துகொண்டார். கம்பியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசி விரலைப் பிரிக்கும்போது அவள் உதடு மெதுவாக, மிக மெதுவாக அசைந்தது.

"கிழவி சாப்பிட்டுச்சா?"

"தட்டு காலி" என்றார் அவர். "வா, வீட்டுக்குப் போ."

"நாளைக்கும் கூட்டம் வரும்ல?" என்று கேட்டாள்.