மேட்னி முடிந்து முத்துலட்சுமி கேட்டது

1. ரிசல்ட்

சினிமா பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். கோவில்பட்டியில் ஒரு தியேட்டருக்கு மேனேஜர். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் முதல் ஷோவைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டே பார்ப்பேன். இன்டர்வெல்லில் முதலாளி போன் அடிப்பார்.

"என்ன அண்ணாச்சி, ரிசல்ட் எப்படி?"

என் பதிலை வைத்துத்தான் படம் அடுத்த வாரம் இருக்குமா, பெட்டியைக் கட்டுமா என்பது முடிவாகும். இப்போது பிலிம் பெட்டி எல்லாம் கிடையாது, ஹார்டு டிஸ்க்தான். பேச்சு மட்டும் மாறவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகள் இதைச் சுகமான வேலை என்று நினைக்க வேண்டாம். போன மாதம் ஒரு பெரிய ஹீரோ படம் வந்தது. முதல் பாதி முழுக்க அரிவாள், அடுத்த பாதி முழுக்கத் துப்பாக்கி. கதை எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன், பையன்கள் சீட்டு மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள். "நாலு நாளைக்குத் தாங்கும் மொதலாளி" என்றேன். தாங்கியது. அடுத்து ஒரு பேய்ப் படம். பேய் வந்தபோது ஜனங்கள் சிரித்தார்கள், காமெடியன் வந்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையே தூக்கச் சொன்னேன். என் கணிப்பு தப்பாது என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

2. ஞாயிற்றுக்கிழமை

மூன்றாவதாக வந்தது ஒரு சின்னப் படம். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி கதை. இரண்டாம் பாதியில் ஆலை வெடிக்கிறது, புருஷன் சாகிறான். வெள்ளிக்கிழமை அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. காரணம் ஞாயிறு மேட்னி.

எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலையையும் பட்டாசு ஆலையையும் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். ஞாயிறு ஆபீஸ் லீவு. பெண்கள் கூட்டமாக மேட்னிக்கு வருவார்கள். என்ன படம் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் முத்துலட்சுமியும் ஒருத்தி. எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவள் புருஷன் வெடி ஆபீஸ் விபத்தில்தான் செத்தான்.

கேட்டிலேயே அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இந்தப் படம் உனக்கு வேண்டாம். உள்ள வெடி விபத்து வருது. அடுத்த வாரம் வா."

"தெரியும் அண்ணாச்சி. செல்போன்ல டிரெய்லர் பாத்துட்டுத்தான் வாரேன்."

"பெறகு ஏம்மா?"

"அவிய மொகத்தக்கூட நான் பாக்கல. ஆஸ்பத்திரில துணியச் சுத்திக் குடுத்தாவ. உள்ள என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காவ. இங்கனயாவது பாத்துக்கிடுதேன்."

வழியை விட்டேன்.

இன்டர்வெல் முடிந்ததும் மாடியில் ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். "அந்த எடம் வரும்போது சவுண்டக் குறைச்சிருவமாலே?" என்றேன். "நீங்க சொன்னா குறைக்கேன் அண்ணாச்சி" என்றான். யோசித்தேன். பார்க்கவென்று வந்தவளிடம் மறைக்க நான் யார்? "வேண்டாம்லே" என்று இறங்கிவந்து, அவள் வரிசைக்குப் பக்கத்துக் கதவில் நின்றேன். மயக்கம் போட்டு விழுந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது? சாமியைக்கூடக் கும்பிட்டேன், உண்மை.

திரையில் வெடித்தது. கூட வந்த பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே வெளியே போனாள். முத்துலட்சுமி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள். புகைக்குள் கிடக்கும் புருஷன் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சாகிறான். வெள்ளிக்கிழமை அந்தக் காட்சியை "ரொம்ப ஓவர் மொதலாளி, டிராமா மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தேன். படத்தைத் தூக்குவதென்று முதலாளியும் முடிவு செய்திருந்தார்.

படம் விட்டதும் எல்லோரும் போகட்டும் என்று அவள் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"அண்ணாச்சி, அந்த ஆளு கடைசில பொண்டாட்டியப் பேரச் சொல்லிக் கூப்பிடுதான்லா? நெசத்துல அப்படிக் கூப்பிட நேரம் இருந்திருக்குமா?"

எத்தனையோ படத்துக்கு யோசிக்காமல் ரிசல்ட் சொன்னவன் நான். இது எனக்கு எப்படித் தெரியும்?

"இருந்திருக்கும்மா" என்றேன்.

"அப்ப கூப்பிட்டிருப்பாவ" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

3. தம்பிகளுக்கு

முதலாளியிடம் கெஞ்சி இன்னொரு வாரம் ஓட்டினேன். கூட்டம் வரவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை முதல் ஷோவை நின்றே பார்க்கிறேன். ஆனால் ஞாயிறு மேட்னி விட்டு, கடைசி ஆள் வெளியே வரும்வரை ரிசல்ட் சொல்வதில்லை. முதலாளி ஏசுகிறார். ஏசட்டும்.